படைத்தள இடமாற்றமும் வட்டாரத் திட்டமிடலும்: வாஷிங்டன் பெருநகர வட்டாரத்தின் பட்டறிவு (2005–2011)

முன்னுரை

ஒரு படைத்தளம் மூடப்படும்போது அவ்வூர் இழக்கும் வேலைவாய்ப்பைப் பற்றி மிகுதியாகப் பேசப்படுகிறது. அத்தளத்தின் பணியாளர்கள் சென்று சேரும் ஊருக்கு என்ன நேர்கிறது என்பது அதே அளவு கவனம் பெறுவதில்லை. வேலைவாய்ப்புப் பெருகுவது நன்மை என்பதால், அங்குத் தீர்க்க வேண்டிய சிக்கல் ஏதுமில்லை எனக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 2005இல் முடிவுசெய்யப்பட்டு 2011இல் நிறைவேற்றப்பட்ட படைத்தள இடமாற்றம் இக்கருத்து முழுமையானதன்று எனக் காட்டுகிறது. அதனால் வாஷிங்டன் பெருநகர வட்டாரத்தில் எழுந்த போக்குவரத்துச் சிக்கலின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு கால அளவுகள்

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூட வேண்டிய தளங்களையும் விரிவாக்க வேண்டிய தளங்களையும் தனி ஆணையம் ஒன்று பட்டியலிடும். அப்பட்டியலை நாடாளுமன்றம் முழுமையாக ஏற்கலாம் அல்லது மறுக்கலாம்; திருத்த இயலாது. பட்டியல் குடியரசுத் தலைவரால் நாடாளுமன்றத்திற்கு அனுப்பப்பட்ட நாள்முதல் ஆறு ஆண்டுகளுக்குள் இடமாற்றம் முடிவடைய வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சுற்றுக்கு அக்கெடு 2011 செப்டம்பர் 15 ஆகும்.

பெருஞ்சாலை ஒன்றைத் திட்டமிட்டு, சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தி, நிதி பெற்றுக் கட்டி முடிக்கப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனவே அறிவிப்பு வந்த நாளிலேயே பணியைத் தொடங்கினாலும், பணியாளர் வந்து சேர்வதற்குள் சாலை அமையாது. மேரிலாந்து மாநிலம் 2007இல் இதற்கெனத் தனி அமைச்சரவைத் துணைக்குழு அமைத்து முன்னேற்பாடு செய்தது. எனினும் இக்கால இடைவெளியை நிருவாக முயற்சியால் மட்டும் நிரப்ப இயலவில்லை.

இரட்டிப்பு விதி

அடுத்த வினா, செலவை ஏற்பது யார் என்பது. வளர்ச்சியை எதிர்கொள்ளும் ஊர்களுக்குப் பாதுகாப்புத் துறை திட்டமிடலுக்கான நல்கை வழங்கியது. கட்டுமானச் செலவு பெரிதும் மாநிலங்களின் பொறுப்பாயிற்று. படைத்தளத்திற்கான சாலைகளுக்கு அத்துறை நிதி தரும் திட்டம் ஒன்று இருந்தது. ஆனால் படைத்துறைச் செயலால் போக்குவரத்து இருமடங்காக வேண்டும் என்பது அக்காலத்தில் அதற்குரிய முதன்மையான அளவுகோல்களுள் ஒன்று.

நாள்தோறும் ஐயாயிரம் ஊர்திகள் செல்லும் நாட்டுப்புறச் சாலையில் அது பத்தாயிரமாதல் கூடும். ஏற்கெனவே நிரம்பி வழியும் நகரச் சாலையில் போக்குவரத்து இருமடங்காக இடமே இல்லை. சிறு பங்கு கூடினாலே அது நின்றுபோகும். இதனால் நெரிசல் மிகுந்த நகரமே நிதிக்குத் தகுதியற்றதாகிவிடுகிறது. போக்குவரத்து ஆய்வு வாரியம் அமைத்த வல்லுநர் குழுவும் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் இவ்விதி நகர்ப்புறத்துக்குப் பொருந்தாது எனச் சுட்டியது.

இரண்டு சான்றுகள்

வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் பாதுகாப்புத் துறையின் அலுவலகங்கள் பல, மெட்ரோ நிலையங்களுக்கு அருகே வாடகைக் கட்டடங்களில் இயங்கின. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. அவற்றுக்கேற்ப ஏறத்தாழ 6,400 பணியாளர்கள் அலெக்ஸாண்டிரியாவின் மார்க் மையத்துக்கு மாற்றப்பட்டனர். அங்கு மெட்ரோ நிலையம் இல்லை. அருகில் இருந்ததோ ஏற்கெனவே நெரிசல் மிகுந்த 395ஆம் எண் விரைவுச்சாலை. பாதுகாப்புக்காகத் தேர்ந்த இடம், தொடர்வண்டியில் வந்தவர்களில் பலரைச் சாலைக்குத் தள்ளியது.

வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனை 2011இல் மூடப்பட்டு, அதன் பெரும்பகுதி மேரிலாந்தின் பெத்தெஸ்டாவிலுள்ள கடற்படை மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டது. நோயாளிகள், பார்வையாளர்களின் ஆண்டு வருகை ஏறத்தாழ ஐந்து இலட்சத்திலிருந்து பத்து இலட்சமாக உயரும் என மதிப்பிடப்பட்டது. இங்கு மெட்ரோ நிலையம் இருந்தும், அது நெரிசல் மிக்க நெடுஞ்சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது. படைத்துறை மருத்துவமனைகளைச் சூழ்ந்த சாலைப் பணிகளுக்கென நாடாளுமன்றம் 30 கோடி டாலர் ஒதுக்கியது 2011 ஏப்ரலில்தான். அப்போது கெடு முடிய ஐந்து மாதங்களே இருந்தன. நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் சுரங்கப்பாதை அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அமைந்தது. போரில் காயமுற்றோர் சிகிச்சைக்கு வரும் வழியில் இத்தாமதம் நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

2005ஆம் ஆண்டுச் சுற்றை நிறைவேற்றும் செலவு 2,100 கோடி டாலர் என முதலில் மதிப்பிடப்பட்டு, 3,510 கோடி டாலராக உயர்ந்தது. மாநிலங்கள் சாலைக்குச் செலவிட்ட தொகையும், பயணிகள் இழந்த நேரமும் இக்கணக்கில் இடம்பெறவில்லை. இடத்தைத் தேர்ந்தவரும் அதன் விளைவுக்குப் பணம் செலுத்தியவரும் வேறுவேறானவர்கள் என்பதே இச்சிக்கலின் வேர். ஆகவே போக்குவரத்துச் செலவை இடத்தேர்வின்போதே கணக்கிடுதல், இரட்டிப்புக்கு மாற்றாகப் பயணத் தாமதத்தை அளவுகோலாகக் கொள்ளுதல், சாலை நிதியை இடமாற்ற ஆணையுடன் இணைத்தல் ஆகிய மூன்றும் இப்பட்டறிவிலிருந்து பெறத்தக்கன. இவையின்றி வட்டாரத் திட்டமிடல் என்பது, பிறர் எடுத்த முடிவின் விளைவைப் பின்தொடர்ந்து சீர்செய்யும் பணியாகவே எஞ்சும்.