மறைத்த தாயும் மறைத்த மகளும்

மர்மக் கதைகளில் நம் சங்க அன்பர்களுக்குள்ள பற்று சொல்லி முடியாது. வாசகசாலையில் முதலில் அட்டை கிழிவது துப்பறியும் நாவல்தான். 2020-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரன்’ என்னும் ஆங்கிலப் படத்தையும் பலர் பார்த்திருக்கக்கூடும். இயக்கியவர் இந்திய வம்சாவளியினரான அனீஷ் சகந்தி. நடக்க இயலாத மகளை ஒரு தாய் வீட்டோடு வைத்துப் பேணுகிறாள். தனக்குத் தரப்படும் மாத்திரைப் புட்டியில் தாயின் பெயர் இருப்பதை மகள் ஒரு நாள் காண்கிறாள். அது முதல் மகள் தன் ஐயத்தைத் தாயிடம் மறைக்கிறாள். தாய் தன் சூழ்ச்சியை மகளிடம் மறைக்கிறாள்.

படம் விறுவிறுப்பானதுதான். ஆயினும் இத்தகைய கதைகளில் தாயின் இரகசியம் என்றாலே அது வஞ்சகம் என்று முடிவாகிவிடுகிறது. நெஞ்சில் கேடு இல்லாமலே மறைக்க நேர்ந்த தாய்மாரைக் கதாசிரியர்கள் அறியார் போலும்.

அப்படிப்பட்ட ஒரு தாயையும் மகளையும் அறியச் சீமைக்குப் போக வேண்டுவதில்லை. கோபிநத்தம் வரை போனால் போதும். காவிரிக்கு அண்மையில், மாதேசுவரமலைக் காடுகளை ஒட்டியுள்ள தமிழ் வழங்கும் சிற்றூர் அது. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. மொழிவாரிப் பிரிவினையில் மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் தனி மாவட்டம். நம்மைப்போல் வண்டியேறி வந்தவர்கள் அல்லர் அவ்வூரார். அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் நகர்ந்தது.

வீரப்பன் பிறந்த ஊர் இதுவே (1952). தந்தமும் சந்தனமும் கடத்தப்பட்டதும், நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டதும், கோபிநத்தம் மக்களுக்கு எவ்வளவோ நன்மை செய்த வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவை. அவற்றை மீண்டும் விரிக்கப் போவதில்லை.

நெருப்பூரைச் சேர்ந்த முத்துலட்சுமி 1990-இல் வீரப்பனை மணந்தார். மூத்த மகள் வித்யா ராணி. தந்தையைத் தாம் நேரிற் கண்டது ஒரே ஒரு முறைதான் என்று அவர் பின்னாளில் பத்திரிகையாளரிடம் கூறியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு விடுமுறையில் கோபிநத்தத்துப் பாட்டனார் வீட்டுக்குச் சென்றிருந்தபோது நிகழ்ந்த சந்திப்பு அது. வந்தவர் சிறிது நேரம் பேசினாராம். நன்றாகப் படித்து டாக்டராகி மக்களுக்குத் தொண்டு செய்யச் சொல்லிவிட்டுப் போனாராம்.

இச்சிறு செய்தியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இரு மாநில அதிரடிப்படையும் தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், “லீவுக்கு எங்கே போனாய்? யாரையெல்லாம் பார்த்தாய்?” என்று ஆசிரியையும் கேட்பார், பக்கத்துப் பெண்ணும் கேட்பாள். பிற குழந்தைகள் வாயாரச் சொல்லும் விடை, இக்குழந்தையின் வாயில் வந்தால் ஒரு குடும்பத்துக்கே ஆபத்து. அக்காலத்தில் ஐயத்தின் பேரில் அழைத்துச் செல்லப்பட்டோர் பட்ட கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அத்தகைய நாட்டில் அறியாமையே கவசம். அறியாததைக் குழந்தை உளற முடியாது. உளறாத குழந்தையை மிரட்டியும் பயனில்லை. சினிமாத் தாய் மறைப்பது மகளைத் தன்னிடம் சிறைவைக்க. மலைநாட்டுத் தாய் மறைத்திருந்தால் அது மகள் சிறைப்படாதிருக்க.

ஆனால் ஒன்று. வாய் திறவாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, அதே வித்தையைப் பெற்றவளிடமும் காட்டக்கூடும். வெளியூரில் குடியேறிய நம் வீடுகளிலும் இது உண்டு. ஊரில் அடகுபோன நிலத்தையும் பங்காளி வழக்கையும் நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. பரீட்சையில் போன மார்க்கை அவர்கள் நம்மிடம் சொல்வதில்லை.

2004 அக்டோபர் 18-ஆம் நாள் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு, மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றே எவரும் எண்ணியிருப்பர். 2011-இல் மகள் தாயறியாமல் செய்துகொண்ட திருமணம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. இம்முறை மறைத்தவர் மகள், அறியாதிருந்தவர் தாய். (மனத்துக்கிசைந்தவரை மணப்பதைத் தாயிடம் மறைப்பது எவ்வூரிலும் நடப்பதே, எல்லாவற்றையும் காட்டின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமன்று.)

2023-இல் வெளியான ‘தி ஹண்ட் ஃபார் வீரப்பன்’ என்னும் ஆவணத் தொடரில் முத்துலட்சுமி உலகறியத் தம் வாழ்க்கையை நெடுநேரம் பேசினார். மகளோ 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கிருஷ்ணகிரித் தொகுதியில் நின்றார். ஒரு காலத்தில் பள்ளித் தோழியிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாத அந்தப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர்.