திருச்சி-சிங்கப்பூர் விமானம்: போக 6¾ மணி, வர 1¾ மணி! டிக்கெட்டில் இது என்ன கணக்கு?

திருச்சி:
முதன்முதலாக சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் டிக்கெட்டைப் பார்த்ததும் குழம்பிப் போவது வழக்கம். உதாரணத்துக்கு, திருச்சியில் அதிகாலை 1 மணிக்குக் கிளம்பும் விமானம் காலை 7.45-க்கு சிங்கப்பூர் போய்ச் சேரும் என்று போட்டிருக்கும். திரும்பி வரும்போது, இரவு 9 மணிக்கு ஏறினால் 10.45-க்கே திருச்சி! போகும்போது நத்தை, வரும்போது ராக்கெட்டா?

அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பயண நேரம் நாலேகால் மணிதான். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழி தூரம் சுமார் 3 ஆயிரம் கிலோ மீட்டர். பெரும்பாலும் கடல்தான். வங்கக்கடலைத் தாண்டி, சுமத்ரா தீவின் வடமுனைப் பக்கமாகப் போய் மலாக்கா நீரிணை வழியாக இறங்க வேண்டும். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா, சிதம்பரம் கப்பல்களில் ஏறியவர்களுக்கு இதே பயணம் ஒரு வாரம் பிடித்தது.

குழப்பத்துக்குக் காரணம் கடிகாரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம்ம ஊரில் காலை 5.15 என்றால் அங்கே 7.45. எனவே போகும்போது இரண்டரை மணி கூடும், வரும்போது குறையும். மலேசியாவுக்கும் இதே கணக்குதான். பழைய ஆட்கள் ‘ரெண்டு மணி வித்தியாசம்’ என்பார்கள். அதுவும் பொய்யில்லை. 1982 ஜனவரி 1-ந்தேதிதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது.

இந்தக் குழப்பத்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆளை கவிழ்ப்பது தேதிதான்!

15-ந்தேதி 01.00 மணி என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ந்தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவு 12 அடித்ததுமே தேதி மாறிவிடுகிறது. ‘15-ந்தேதி ராத்திரிதானே’ என்று அறந்தாங்கியில் இருந்தோ பட்டுக்கோட்டையில் இருந்தோ வேன் பிடித்து, வீட்டோடு வழியனுப்ப வந்தால், விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு அனுமதிக் கடிதத்தில் கெடு தேதி வேறு இருக்கும். அதற்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும்.

டிக்கெட்டில் இருப்பது விமானம் நகரும் நேரம், நாம் போய்ச் சேர வேண்டிய நேரம் அல்ல. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே, சில கம்பெனிகளில் அதற்கும் முன்பே, கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். அப்புறம் கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். அதாவது, 1 மணி விமானத்துக்கு முந்தின நாள் இரவு 10 மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.

அழைக்க வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். மகன் அங்கிருந்து போனில், ‘ஒம்பது மணிக்கு ஏறுறேன்’ என்றால் அது அந்த ஊர் ஒன்பது. இங்கே மாலை 6.30 தான். விமானம் 10.45-க்கு இறங்கினாலும் பாஸ்போர்ட், சுங்கச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து ஆள் வெளியே வர நள்ளிரவு ஆகிவிடலாம். வேன்காரரிடம் வெயிட்டிங் வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளவும்.