புல் வெட்ட எந்தச் சக்தி?

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் உங்கள் வீடு இருப்பதாகக் கொள்வோம். மழை பெய்து புல் மண்டிவிட்டது. வெட்டும் கருவிக்குச் சக்தி எது? பெட்ரோலா, மின்கலமா, வயர் வழி வரும் மின்சாரமா?

1 கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. 1 கிலோ லித்தியம் மின்கலத்திலோ ஏறக்குறைய 0.2 தான். 60 மடங்கு வித்தியாசம்! ஆனால் சிறிய எஞ்சின் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும். மீதி வெப்பமாக வீணாகும். மின்மோட்டார் ஐந்தில் நான்கு பங்கை மாற்றிவிடும். ஆகவே வித்தியாசம் 15 மடங்காகச் சுருங்குகிறது.

வயரில் ஆற்றல் தீராது. ஆனால் நீளம் கூடினால் மின்தடை கூடி மின்னழுத்தம் குறையும். ஈரப்புல்லில் வயர் அறுந்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே, வீட்டை ஒட்டிய உலர்ந்த இடத்துக்கு வயர், முற்றத்துக்கு மின்கலம், தொலைவிலுள்ள சாமைக் காட்டு வரப்புக்குப் பெட்ரோல். ஒரு கைப்பிடிப் புல்தானா? அரிவாள் போதுமே!