கரிசல் மண்ணும் கேமராக் கண்ணும்

'போட்டோகிராபி' என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்கு 'ஒளியால் எழுதுதல்' என்பது பொருள். தமிழில் இதனைப் 'புகைப்படம்' என வழங்கி வருகிறோம். புகைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் வழக்கு வென்றுவிட்டது. 'நிழற்படம்' என்பாரும் 'ஒளிப்படம்' என்பாரும் உளர். இக்கட்டுரையில் ஒளிப்படம் என்னும் சொல்லையே ஆள்கிறோம். கருவியைமட்டும் கேமரா என்றே குறிக்கிறோம். கடையில் அவ்வாறு கேட்டால்தான் கிடைக்கும்.

கேமரா என்பதே 'கமரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது இலத்தீன் சொல். அறை என்பது அதன் பொருள். பெருமை சொல்லில் இல்லை, செயலில் இருக்கிறது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே இருட்டறைக்குள் விழும் ஒளி பிறை வடிவம் கொள்வதை ஆராய்ந்து தனியொரு நூலும் எழுதினார். இன்று நாம் கையில் ஏந்தும் கேமராவும் ஓர் இருட்டறையே. துளையில் கண்ணாடி வில்லையையும், எதிர்ச் சுவரில் ஒளியுணரித் தகட்டையும் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

தமிழ்த்துறை மலரில் கேமராவுக்கு என்ன இடம் என்னும் வினா எழுதல் இயல்பு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், 1982ஆம் ஆண்டில் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். அவர் தொகுத்த காலத்தில் புழங்கிய பொருள்கள் பல இன்று மாணவர் கண்ணில் படுவதில்லை. கமலை என்றால் என்ன, கூனை என்றால் என்ன என வகுப்பில் விளக்கப் பலகையில் கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. சொல் நூலில் இருக்கிறது; பொருள் கண்ணைவிட்டு மறைந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் ஒளிப்படம். எட்டயபுரத்தில் பிறந்த பாரதிக்கு நமக்குக் கிடைத்துள்ள ஒளிப்படங்கள் மிகச் சிலவே. அவற்றைக் கொண்டே அவர் முகத்தை நாடு அறிந்தது. 2021இல் மறைந்த கி.ரா.வையோ, புதுவை இளவேனில் என்னும் ஒளிப்படக் கலைஞர் பல்லாண்டுகள் தொடர்ந்து படமெடுத்திருக்கிறார். வருங்கால மாணவன் இவ்விருவரையும் காணும் முறையில் எத்துணை வேறுபாடு இருக்கும் என்பது எண்ணத்தக்கது.

களப்பணிக்குச் செல்லும் மாணவரும், ஓய்வு நாளில் படமெடுக்க விரும்பும் இளைஞரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: முதன்முதலாக எந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்குவது? வானம் பார்த்த பூமியில் ஒரு வெள்ளாமையின் மிச்சத்தையோ, தீப்பெட்டி ஆபீஸில் தாய் ஈட்டிய கூலிச் சேமிப்பையோ கொண்டு வாங்கப்படும் பொருள் இது. ஆகவே விடை பொறுப்போடு சொல்லப்பட வேண்டும்.

எஸ்.எல்.ஆர். என்பது ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி. வில்லை வழியே வரும் ஒளியைச் சாய்ந்த ஆடியொன்று மேலே திருப்ப, அது ஐங்கோண அமைப்பில் பட்டு நம் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழும், திரை திறக்கும், ஒளி உணரியில் விழும். 'சடக்' என்னும் ஓசை அந்த ஆடியினுடையதே. படச்சுருளுக்கு மாற்றாக மின்னணு உணரியைப் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கருவியைக் கோடாக் நிறுவனம் 1991இல் நிக்கான் எஃப் 3 உடலின்மீது அமைத்தது. 1999இல் நிக்கான் டி 1 வந்தது. 2003இல் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கேனான் 300டி வந்தபின்னரே எளியோர் இதனை எண்ணிப்பார்க்க முடிந்தது.

இன்றைய நிலையை மறைக்காமல் கூறிவிட வேண்டும். ஆடியில்லாக் கேமராக்கள் சந்தையைக் கைப்பற்றிவிட்டன. கேனானும் நிக்கானும் தம் கடைசிப் புதிய எஸ்.எல்.ஆர். உடல்களை 2020இல் வெளியிட்டதோடு சரி; சோனி 2021இல் அத்துறையைவிட்டு விலகியது; பென்டாக்ஸ் ஒன்றே பழைய வழியை விடாமல் பற்றி நிற்கிறது. அங்ஙனமாயின் இதனை வாங்குவது வீண் அன்றோ என்பார்க்கு நமது விடை 'அன்று' என்பதே. கல்யாண வீடுகளில் படமெடுப்போர் புதிய வகைக்கு மாறிவிட்டமையால் நல்ல எஸ்.எல்.ஆர். உடல்களும் வில்லைகளும் பழைய விலைக்கு வருகின்றன. கண்வழி நேரே பார்க்கும் அமைப்பாதலால் மின்கலம் நெடுநேரம் தாங்குகிறது. நிக்கான் டி 3500இல் ஒருமுறை மின்னேற்றினால் 1,550 படங்கள் எடுக்கலாம் என்பது அளவீடு. நாள் முழுதும் புஞ்சைக் காட்டில் திரிவார்க்கு இது சிறு நன்மையன்று. வெறுமனே நினைவுக்குப் படம் வேண்டுவோர்க்குக் கைபேசியே போதும்; அவர்கள் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.

விளம்பரங்கள் 'மெகாபிக்சல்' எண்ணை உரக்கக் கூவுகின்றன. 12க்கு 8 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3,600 பெருக்கல் 2,400, அதாவது 86 லட்சம் புள்ளிகளே தேவை. நமது மலரின் முழுப் பக்கப் படத்துக்கு 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட பழைய கருவியே மிகுதி. ஆகவே இந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டா.

கரிசல் நாட்டார் கவனிக்க வேண்டியது, விளம்பரம் பேசாத வேறொன்று: தூசி. ஆடிக் காற்றில் இங்கே மண்ணே எழுந்து நடக்கும். வில்லையைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அத்தூசி உணரிக்குள் புகுந்து, வானத்தில் கரும்புள்ளிகளாகப் படத்தில் தோன்றும். சில உடல்களில் உணரியை அதிரச் செய்து தூசியை உதறும் ஏற்பாடு உண்டு. நிக்கான் டி 3300இல் இருந்த இந்த வசதியை அடுத்து வந்த டி 3400இலும் டி 3500இலும் நீக்கிவிட்டார்கள். டி 5300, டி 5600 ஆகியவற்றில் அது உண்டு. கேனானில் 1300டி, 1500டி போன்ற கீழ்ப்படி உடல்களில் இல்லை. 700டி, 750டி போன்றவற்றில் உண்டு. மலைநாட்டார் இதனைப் பொருட்படுத்தாமல் விடலாம். நாம் விடலாகாது. கேனான் 3000டி உடலிலோ இவ்வசதி இல்லாததோடு, வில்லை பொருந்தும் வளையமே பிளாஸ்டிக்கால் ஆனது. விலை குறைவென்று அதனை நாடுவதினும் ஓராண்டு பொறுத்திருத்தல் நன்று என்பது நமது கருத்து.

உடல் மாறும், வில்லை நிலைக்கும். கைப்பணத்தில் சரிபாதியேனும் வில்லைக்கு ஒதுக்குக. கருவியோடு வரும் 18 முதல் 55 மி.மீ. வரையிலான வில்லை பகலில் குறைவற உதவும். கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பாறையின் மேலிருந்து கீழாகக் குடைந்திருக்கிறார்கள். சுற்றிலும் பாறை நிற்பதால் பின்வாங்கிச் செல்ல இடம் குறைவு. அங்கே 18 மி.மீ. முனையே கைகொடுக்கும். அதே மலையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணச் சிற்பங்களுக்கு வில்லையைவிடப் பக்கவாட்டு வெயிலே முதன்மையானது. உச்சிப் பொழுதில் எத்தகைய கருவியும் அவற்றைத் தட்டையாகவே காட்டும்.

தீப்பெட்டி ஆபீஸின் உட்புறம் வேறு உலகம். கட்டையில் குச்சி அடுக்கும் பெண்களின் விரல்கள் ஓயாது இயங்கும். வெளிச்சமோ சன்னல் வழி வருவது மட்டுமே. பற்றும் பொருள் உள்ள இடமாதலின் மின்னொளிப் பாய்ச்சலை அங்கே நினைக்கவே கூடாது. 18-55 வில்லையின் நீள்முனைத் திறப்பு எஃப் 5.6, தனிக் குவியமுள்ள வில்லையின் திறப்பு எஃப் 1.8. பின்னது முன்னதைவிட ஒன்பது மடங்குக்கும் மேலாக ஒளியை உள்ளே விடும். நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8, கேனானில் 50 மி.மீ. எஃப் 1.8 ஆகிய இரண்டும் எளிய விலையில் கிடைப்பவை. சிறிய உணரியுள்ள உடலில் கோணம் குறுகும் என்பதை மறவாதீர். நிக்கானில் 1.5 மடங்கும் கேனானில் 1.6 மடங்கும் குறுகுவதால் 50 மி.மீ. வில்லை 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஒருவர் முகத்துக்கு அது அழகு, சிற்றறைக்கு நெருக்கடி. வல்லநாட்டுச் சரணாலயத்தில் வெளிமானைப் படமெடுக்கும் ஆசையுள்ளவர்க்கு 300 மி.மீ. அளவிலான வில்லை வேண்டும். அதனை முதலாண்டிலேயே வாங்கத் தேவையில்லை.

நிக்கான் வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. டி 3000, டி 5000 வரிசை உடல்களில் குவியத்தை நகர்த்தும் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய ஏ.எஃப்.டி. வில்லைகளை அவற்றில் மாட்டினால் குவியத்தைக் கையால்தான் திருக வேண்டும். டி 7000 வரிசையில் அம்மோட்டார் உண்டு. கேனானில் இச்சிக்கல் இல்லை. ஆனால் சிறிய உணரிக்கென அமைந்த இ.எஃப்.எஸ். வில்லைகள் முழுவுணரி உடலில் பொருந்தா.

பழைய கருவியை வாங்கும்போது மேல்தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யலாகாது. முதலில் திரை எத்தனை முறை இயங்கியது என்னும் கணக்கைக் கேளுங்கள். கீழ்ப்படி உடல்களின் திரை ஒரு லட்சம் முறை, டி 7000 வரிசையில் ஒன்றரை லட்சம் முறை இயங்கும் எனக் கணிக்கப்பட்டவை. ஒரே முகூர்த்தத்தில் இரண்டாயிரம் படம் எடுத்த கருவிக்கு அது நெடுங்கணக்கன்று. நிக்கானில் இவ்வெண் படக்கோப்பிலேயே பதிந்திருக்கும். கேனானில் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டும். அடுத்து, திறப்பை எஃப் 22க்குக் குறுக்கி வெளிறிய வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உணரியின் தூசியும் கீறலும் வெளிப்படும். தூசி போகும், கீறல் போகாது. வில்லையின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் நோக்கினால் சிலந்தி வலைபோன்ற பூஞ்சை தெரியும்; கடற்கரை ஊர்களில் புழங்கிய வில்லைகளில் இது மிகுதி. அட்டை செருகும் இடத்து ஊசிகள் வளைந்திருத்தல், மின்கலம் உப்பியிருத்தல் ஆகியவற்றையும் காண்க. இவையெல்லாம் பார்க்க அரைமணி நேரம் ஆகும். அதற்கு முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே மேல். வட்டித் தவணையில் வாங்குதற்குரிய பொருளும் இதுவன்று. பொழுதுபோக்கு கடனாக மாறினால் படம் எடுக்கும் மகிழ்ச்சி அன்றே தீர்ந்தது.

கருவி கைக்கு வந்தபின் நம் மண் ஒரு பாடம் நடத்தும். கேமராவின் ஒளியளவி, தன் முன்னால் இருப்பது எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதும். மழை பெய்த ஈரக் கரிசலைக் காட்டினால், 'இருள் மிகுதி' எனத் தவறாகக் கணித்து ஒளியைக் கூட்டும்; கரிசல் வெளிறிப்போய்ச் செவல்காட்டு மண்போல் ஆகிவிடும். ஒளி ஈட்டைக் கழித்தல் பக்கம் ஒரு படி நகர்த்தினால்தான் கரிசல் கரிசலாக விழும். அதே கருவியோடு தூத்துக்குடி உப்பளத்துக்குச் சென்றால் நிலைமை தலைகீழ். வெள்ளை உப்பைச் சாம்பலாக்கிவிடும்; அங்கே கூட்டல் பக்கம் ஒரு படியோ ஒன்றரைப் படியோ நகர்த்த வேண்டும். கருமைக்கும் வெண்மைக்கும் இத்தனை அருகிலே பயிற்சிக்களம் வாய்த்தவர் தமிழகத்தில் வேறெவர்? ஒளியளவியே இல்லாவிடினும், தெளிந்த வெயிலில் எஃப் 16 திறப்பும் ஐ.எஸ்.ஓ. 100க்கு ஏறத்தாழ 125இல் ஒரு பங்கு வினாடியும் வைத்தால் படம் தவறாது. முற்காலத்துப் படச்சுருள்காரர் கைக்கொண்ட இக்கணக்கு இன்றும் பொய்க்கவில்லை.

வில்லை மாற்றும்போது கருவியை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க. உள்ளே வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுபந்து ஒன்று வாங்கிக்கொள்க. ஆடி மாதத்தில் காட்டுக்குச் செல்வோர் ஒரே வில்லையோடு சென்று திரும்புதல் நலம்.

மனிதரைப் படமெடுப்பதில் நமக்குள்ளே தயக்கமுடையோர் இன்றும் இருக்கிறார்கள். உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு. அதனை ஈண்டு ஆராயப் புகவில்லை. மார்க்கத் தயக்கம் எதுவும் இல்லாத வீட்டிலும் முற்றத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணை அவர் இசைவின்றிப் படமெடுத்தல் முறையன்று. 'எடுக்கலாமாம்மா?' என்று கேட்க ஒரு நொடி போதும். அவர் வேண்டாமென்றால் கருவியை மூடிவிட்டு அவர் கையிலுள்ள சுளகைமட்டும் எடுத்துக்கொள்ளலாமா எனக் கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள்.

எடுத்த படத்தை அன்றிரவே இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்க வேண்டும்; ஒன்று வீட்டிலும் மற்றொன்று துறையிலும் இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஊரும் நாளும் இடம்பெறுக. 'பழைய உழவுக் கருவி' எனப் பொதுப்பட எழுதி வைத்தால் பின்வருவோர்க்குப் பயன்படாது. மேழி எது, ஏர்க்கால் எது, கொழு எது என அக்கருவியை வைத்திருக்கும் சம்சாரியிடமே கேட்டுப் பகுதி பகுதியாக எழுதுக. அவ்வூரில் அதற்கு வேறு பெயர் வழங்குமாயின் அதனையும் அவர் ஒலிக்கின்றவாறே சேர்த்தெழுதுக.