சர்வதேசச் சட்டத்தை எழுதுவது யார்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலவற்றில் இன்று ஒருவராவது கடல் கடந்து வேலை பார்க்கிறார். மகன் துபாயில், மருமகன் சிங்கப்பூரில், அண்ணன் பிள்ளை மஸ்கட்டில் என்று பேசிக்கொள்கிறோம். நாம் ஊரை விட்டு வந்தோம். நம் பிள்ளைகள் நாட்டையே விட்டுப் போகிறார்கள். அங்கே அவர்களுக்கு வழக்கு, வம்பு என்று ஏதாவது வந்துவிட்டால் துணைக்கு வருவது எது? "சர்வதேசச் சட்டம் இருக்கிறதே" என்று சொன்னால், "அதை எந்தப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

உலகத்துக்கென்று ஒரு பார்லிமெண்ட் கிடையாது. ஆனால் நாடுகளுக்கிடையே வழக்கங்கள் உண்டு. அனுமனைக் கொல்லும்படி இராவணன் ஆணையிட்டபோது, தூதனைக் கொல்வது முறையன்று என்று வீடணன் தடுத்த கதை நம் குழந்தைகளுக்கும் தெரியும். இராவணனாலும் அதை மறுக்க முடியவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கமே அங்கே சட்டமாக நின்றது.

இப்படி வழக்கில் உள்ளவற்றைத் திரட்டி, ஐயத்துக்கு இடமின்றி எழுத்தில் வடிப்பதைச் சட்டத் தொகுப்பு என்கிறார்கள். வழக்கம் தெளிவில்லாத இடத்தில் புதிய விதி காண்பது சட்ட வளர்ச்சி. இவ்விரண்டையும் ஊக்குவிப்பது பொதுச்சபையின் பொறுப்பு என்று ஐ.நா. சாசனத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. அதற்காகப் பொதுச்சபை 1947-இல் அமைத்ததுதான் சர்வதேசச் சட்ட ஆணையம்.

1949-இல் 15 உறுப்பினர்களுடன் அது வேலையைத் தொடங்கியது. இன்று 34 பேர். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுச்சபை இவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரே நாட்டவர் இருவர் இருக்கக்கூடாது. இவர்கள் தத்தம் அரசாங்கங்களின் பிரதிநிதிகளாக அல்ல, சட்ட அறிஞர்களாகவே அமர்கிறார்கள். முதல் ஆணையத்தில் நம் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகராக இருந்த பி.என். ராவ் இடம்பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் நீதிபதியாக இருந்த ராதா வினோத் பால்.

ஆணையம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், உறுப்பினர் ஒருவரைச் சிறப்பு அறிக்கையாளராக நியமிக்கும். அவர் நாடுகளின் நடைமுறை, உடன்படிக்கைகள், தீர்ப்புகள் ஆகியவற்றை ஆராய்ந்து நகல் விதிகளை எழுதுவார். ஜெனீவாவில் கூடும் உறுப்பினர்கள் அவற்றைச் சொல் சொல்லாக அலசுவார்கள். அரசாங்கங்களின் கருத்தைக் கேட்டுத் திருத்துவார்கள். பிறகு நாடுகளின் மாநாடு கூடி அதை உடன்படிக்கையாக்கலாம். ஏற்று இணைந்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும். இத்தனைக்கும் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டா என்பதை ஒரே ஒரு வாக்கியத்தின் கதையைக் கொண்டு பார்ப்போம்.

வெளிநாட்டில் உள்ள தம் குடிமக்களின் நலனைக் கவனிக்கும் தூதரகப் பணியைக் கான்சுலர் பணி என்கிறோம். இதுபற்றி 1955-இல் வேலையைத் தொடங்கிய ஆணையம் 1961-இல் நகலை முடித்தது. அயல்நாட்டவர் ஒருவர் கைதானால், அவருடைய நாட்டின் தூதரகத்துக்கு அதிகாரிகள் தாமாகவே தெரிவிக்க வேண்டும் என்றது அந்த நகல். 1963-இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அயல்நாட்டவர் நிறைய உள்ள நாடுகளுக்கு இது பெரும் சுமை என்றனர் சிலர். தான் கைதான செய்தி தன் அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டாம் என்று கைதியே நினைத்தால் என்ன செய்வது என்றனர் வேறு சிலர். ஆகவே, கைதி கேட்டுக்கொண்டால் மட்டும் தெரிவித்தால் போதும் என்று மாற்றப்பட்டது.

ஆனால் அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? பிரிட்டன் முன்வைத்த திருத்தத்தால் மேலும் ஒரு வாக்கியம் சேர்ந்தது. கைதானவருக்கு இந்த உரிமையைத் தாமதமின்றி எடுத்துச் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் கடமை என்பதே அது. வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவில் அது இன்றும் இருக்கிறது. இந்தியா 1977-இல் இதில் இணைந்தது.

அந்த வாக்கியம் பின்னர் வழக்காடு மன்றம் ஏறியது. 1982-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கைதான ஜெர்மானியர்களான லாக்ராண்ட் சகோதரர்களுக்கு இந்த உரிமை சொல்லப்படவில்லை. ஜெர்மன் தூதரகத்துக்குச் செய்தி தெரிந்தது 1992-இல்தான். 1999-இல் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அமெரிக்கா கடமை தவறியது என்றும், 36-ஆவது பிரிவு தனி மனிதருக்கும் உரிமை தருகிறது என்றும் 2001-இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்கோ அது காலம் கடந்த நீதி.

குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா 2017-இல் அதே நீதிமன்றத்தை நாடியது. வேவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்த உரிமை பொருந்தாது என்று பாகிஸ்தான் வாதாடியது. 36-ஆவது பிரிவில் அப்படி விலக்கு எதுவும் இல்லை என்று 2019 ஜூலை 17 அன்று நீதிமன்றம் கூறியது. 15 நீதிபதிகள் ஒருபுறம், ஒருவர் மறுபுறம். தண்டனையை முறையாக மறுபரிசீலனை செய்ய வேண்டும், அதுவரை நிறைவேற்றக்கூடாது என்பது தீர்ப்பு. விடுதலை செய்யும்படி அது உத்தரவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தூதரகத்தால் எல்லாம் ஆகிவிடாது. அது வழக்கறிஞராக வாதாடாது. அந்த நாட்டுச் சட்டத்தை மீறி யாரையும் வெளியே கொண்டுவராது. ஆனால் அதிகாரிகள் சிறையில் சென்று பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞரை ஏற்பாடு செய்ய உதவலாம். பாஷை தெரியாத ஊரில் தனியாக அடைபட்டவனுக்கு இது சிறிய விஷயமா?

ஆகவே அயல்நாடு செல்லும் பிள்ளைகளிடம் ஊறுகாய்ப் பாட்டிலோடு இதையும் சொல்லி அனுப்புங்கள். போலீஸ் பிடித்தால், "என் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தி கிடைத்ததும் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். 2015-இல் தொடங்கிய 'மதத்' இணையதளம் இத்தகைய முறையீடுகளுக்கானதே.

உரிமையைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விடலாம். வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தால் பிள்ளை தானே கேட்டுவிடுவான்.