குறட்டை நிற்கும்போது கவனியுங்கள்!

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி, வடகரைப் பக்கத்து வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவே இராது. பகலெல்லாம் அருவியில் ஆடிவிட்டு, இரவில் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். சற்றைக்கெல்லாம் யாராவது ஒரு மாமா கச்சேரியை ஆரம்பித்துவிடுவார்! "கொடுத்து வைத்தவர், அசந்து தூங்குகிறார்" என்பாள் அத்தை.

நன்றாகத்தான் தூங்குகிறாரா? கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஏறிக்கொண்டே போன குறட்டை சட்டென்று நின்றுவிடுகிறதா? மார்பு போராடுகிறது, மூச்சு வரவில்லை. பத்து விநாடிக்கு மேலும் போகிறது. பிறகு ஒரு திணறல், மறுபடி குறட்டை. இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்லீப் ஆப்னியா'. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை திடுக்கிட்டு விழிக்க, வழி திறக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு மணிக்கு 30 தடவைக்கு மேலும் இப்படி நேரும். காலையில் அவர்களுக்கு ஒன்றும் நினைவிராது! தலைவலியும், சிடுசிடுப்பும், பட்டப்பகல் தூக்கமும்தான் மிச்சம்.

இரவெல்லாம் இந்தப் பாடு பட்டால் இருதயம் எத்தனை நாள் தாங்கும்? கவனியாமல் விட்டால் ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்ததாகும். கார் ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தாலோ, கேட்கவே வேண்டாம். 'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்கு இசையமைத்த பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானாரே, அவருடைய மரணத்துக்கு இந்த நோயையும் ஒரு காரணமாக டாக்டர்கள் சொன்னார்கள். அவருக்கு வயது 69.

ஆண்களுக்குத்தான் இது என்று எண்ணிவிடாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் அதிகமாக வருகிறது. குறட்டை பலமாக இராது. அசதியும் தூக்கமின்மையுமாகத் தலை காட்டும். நாமோ வீட்டு வேலை அலுப்பு என்று தள்ளிவிடுகிறோம். டாக்டரைக் கேளாமல் தூக்க மாத்திரை போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்து.

உடம்பு இளைத்தால் பலருக்குக் குறையும். ஒருக்களித்துப் படுப்பது நல்லது. இரவில் மது கூடவே கூடாது. முற்றியவர்களுக்கு மூக்கில் முகமூடி பொருத்தி, காற்றைச் செலுத்தி, தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி இருக்கிறது. ஆஸ்திரேலிய டாக்டர் காலின் ஸல்லிவன் 1981-ல் வெளியிட்ட முறை இது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், அதற்காக வெட்கப்படுவானேன்? முதலில் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

"நானா? குறட்டையா?" என்று அவர் சாதிப்பார். வாதாட வேண்டாம். இன்றிரவே கைப்பேசியில் அந்தச் சத்தத்தைப் பிடித்து வையுங்கள்; டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள். மூச்சு நின்றதைப் பார்த்த சாட்சி நீங்கள்தானே!