எதுகை பிடித்தால் கேள்வி வரும்

பிள்ளைகளே, தியாகராஜர் ஆராதனை நாட்களில் திருவையாற்றுக் காவிரிக்கரையில் வெளிநாட்டுக்காரர்களும் உட்கார்ந்து தாளம் போடுவார்கள். அவர்களிடம் பேச ஆசைதான். வாயெடுத்தால் ‘ஹூ’வா ‘ஹௌ’வா என்று குழப்பம் வந்துவிடும். அது உங்கள் தப்பில்லை. டபிள்யூ, ஹெச், ஓ என்று எழுதினால் ‘ஹூ’. அதே மூன்றை ஹெச், ஓ, டபிள்யூ என்று இடம் மாற்றினால் ‘ஹௌ’! யாருக்குத்தான் குழம்பாது?

இதற்காக ஒரு பாட்டு கட்டினேன். கைதட்டிப் பாடுங்கள்.

ஆளைக் கேட்டால் ‘ஹூ’
நாளைக் கேட்டால் ‘வென்’
ஊரைக் கேட்டால் ‘வேர்’
பேரைக் கேட்டால் ‘வாட்’
காரணம் கேட்டால் ‘ஒய்’
பூரணம் கிண்டும் விதத்துக்கு ‘ஹௌ’!

இப்போது ஒரு சோதனை. பாட்டை இரண்டு மூன்று தரம் கேட்ட தோழியிடம் முதல் வரியைச் சொல்லி, அடுத்து ‘நா...’ என்று நிறுத்துங்கள். ‘நாளை’ என்று அவளே முடிப்பாள். ‘நாயை’, ‘நாட்டை’ என்று எத்தனையோ சொல் இருக்க, அது மட்டும் எப்படி வந்தது? முன் வரியின் ‘ளை’ இன்னும் அவள் காதில் இருக்கிறது. அதோடு பொருந்தாத சொற்களை மூளை ஒதுக்கிவிடுகிறது. தேடும் இடம் சுருங்கினால் நினைவு சட்டென்று வரும்.

இப்படி ஒலி பொருந்துவதை வைத்தே இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரயன்ட் என்ற ஆய்வாளர்கள் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 400 பேருக்கு மேற்பட்டோரைக் கூப்பிட்டு ஒரு விளையாட்டு வைத்தார்கள். பட்டம், வட்டம், மேளம், கட்டம் என்பதுபோலச் சில ஆங்கிலச் சொற்கள். ஒலி ஒட்டாததைச் சொல்ல வேண்டும். அதில் கெட்டியாக இருந்தவர்களே பின்னாளில் வாசிப்பதிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் பெரும்பாலும் முன்னே நின்றார்கள். அந்த ஆய்வு 1983இல் வெளிவந்தது.

படிக்க வேண்டியதைப் பாட்டாகக் கட்டிவைப்பது நமக்குப் பழைய பழக்கம். திருவையாறு அரசர் கல்லூரியில் தமிழ் படிக்கும் அண்ணன், அக்காவைக் கேளுங்கள். ஆ, எ, ஏ, ஓ, யா ஆகியவை வினா எழுத்துகள் என்று பவணந்தி முனிவர் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே நன்னூலில் செய்யுளாகவே எழுதிவைத்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. அங்கே, எங்கே, அப்போது, எப்போது. தலையெழுத்தை மாற்றினால் போதும், கேள்வி பிறக்கிறது. ஆங்கிலத்திலும் இந்த வித்தை உண்டு. ‘தேர்’ அங்கே, ‘வேர்’ எங்கே. ‘தென்’ அப்போது, ‘வென்’ எப்போது. ‘ஹௌ’ இதற்குள் அடங்காமல் முரண்டு பிடிக்கும். அதனால்தான் அதைக் கொழுக்கட்டைப் பூரணத்தோடு ஒட்டவைத்தேன்.

பாட்டில் ஒரு சொல்லை விட்டிருக்கிறேன். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. இவற்றில் எந்த ஆறு என்று கேட்க ‘விச்’ வேண்டும். அந்த வரியை நீங்கள் கட்டுங்கள். ‘மிச்சம்’ என்று தொடங்கினால் வழி கிடைக்கும்.